கண்டித்தும் தெளியாத அர்ஜுனன்

மும்பை அணுசக்தி நகரில் கீதையின் முதல் அத்தியாயத்தைப் பற்றிப் பேசி முடித்த ஒரு மாலையில், ஓர் அம்மையார் தயங்கியவாறு அருகே வந்தார். அவருக்கு ஏழு வயது மகன். வகுப்பில் ஓரிடத்தில் அமர்வதில்லை; உடன் படிப்போரைத் தள்ளிவிடுகிறான்; பெயர் சொல்லி அழைத்தாலும் பல வேளைகளில் திரும்புவதில்லை. "சுவாமிஜி, இது எங்கள் பூர்வஜன்ம வினையா? பரிகாரம் ஏதேனும் உண்டா?" என்றார்.

"குழந்தையின் செவித்திறனைச் சோதித்துப் பார்த்தீர்களா, அம்மா?" என்று கேட்டேன். மந்திரம் ஒன்றை எதிர்பார்த்து வந்தவருக்கு இது வியப்பளித்திருக்கலாம். காது சரிவரக் கேளாத குழந்தையை 'அடங்காதவன்' என்று அடிப்பது எத்தனை வீடுகளில் நடக்கிறது!

அன்பர்களே, அர்ஜுனனைச் சற்று நினைத்துப் பாருங்கள். அங்கங்கள் சோர்கின்றன, வாய் உலர்கிறது, தோல் எரிகிறது, நிற்க இயலவில்லை, மனம் சுழல்கிறது என்று அவன் தன் நிலையை ஒளிக்காமல் உரைத்தான். பகவான் முதலில் கண்டித்தார். அக்கண்டிப்பினால் அவன் தெளிந்தானா? இல்லை. மேலும் வாதிட்டான். "எனக்கு வழி தெரியவில்லை, உன்னைக் கேட்கிறேன்" என்று அவன் பணிந்த பிறகே உபதேசம் தொடங்குகிறது. மாவீரனுக்கே கண்டிப்பு போதவில்லையெனில், பச்சிளம் பாலகனுக்கு எப்படிப் போதும்? தகுந்தவரிடம் சென்று கேட்பதில் இழிவு ஒன்றும் இல்லை.

அந்நகர்வாசிகள் பலர் விஞ்ஞானிகள். கருவி எதிர்பாராத அளவைக் காட்டினால் அவர்கள் கருவியைத் திட்டுவதில்லை, காரணத்தைத் தேடுகிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த நிதானம் எங்கோ போய்விடுகிறது.

வினை என்று தாயைக் குற்றவாளி ஆக்குவது நம் நாட்டின் தனி வழக்கமன்று. லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த பின்னர், தாயின் அன்பின்மையே அதற்குக் காரணம் என மேலைநாட்டு அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பினர். ஆட்டிசமுள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இல் ஒரு நூல் எழுதி அக்கருத்தை மறுத்தார். அதற்குள் எத்தனை தாய்மார் கண்ணீர் விட்டிருப்பர்!

குழந்தைநல மருத்துவரிடமே தொடங்கலாம். செவியும் பார்வையும் உறக்கமும் முதலில் ஆராயப்படும். பின்னர் தேவைக்கேற்ப வளர்ச்சிநலக் குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் பார்ப்பர். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த நிலையை, வீட்டில் மட்டும் அல்லது பள்ளியில் மட்டும் தோன்றும் நடத்தையைக் கொண்டு முடிவு செய்வதில்லை. ஆதலால் ஆசிரியரின் குறிப்பையும் கேட்பார்கள். அதைப் புகாராகக் கொள்ள வேண்டாம்.

மும்பையில் இதற்கு இடங்கள் உண்டு. சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கெனத் தனிப் பிரிவு உள்ளது. உம்மீத் குழந்தை வளர்ச்சி மையம் 2001-இல் தொடங்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மதிப்பீட்டின் முடிவில் ஒரு பெயர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எதுவாயினும் குழந்தை நேற்றிருந்த அதே குழந்தைதான்.

"அப்படியானால் ஜபம் வேண்டாமா?" என்று அம்மையார் கேட்டார். தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். பயிற்சிகள் பலன் தர மாதங்கள் ஆகும், அதுவரை பொறுமை வேண்டுமே. அதுவரை பேசாதிருந்த அவருடைய கணவர், மருத்துவரிடம் சொல்ல வேண்டியவற்றை அங்கேயே ஒரு தாளில் எழுதத் தொடங்கினார்.