எல்பாவின் பெயரையும் வாசியுங்கள்



நவம்பர் பிறந்தாலே நம் கால்கள் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போகின்றன. கல்லறைத் திருநாளன்று வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றி, குருவானவரை அழைத்து மந்திரித்துவிட்டு வந்திருப்பீர்கள். வீட்டில் இறந்தவர்களை எப்படி நினைப்பது என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு கல்லூரியில் வாழ்ந்து மறைந்தவர்களை எப்படி நினைப்பது? அவர்கள் நமக்கு இரத்த உறவு இல்லை. மூன்று ஆண்டில் மாணவர்கள் மாறிவிடுகிறார்கள். நேற்று இறந்தவரை நாளை வருகிறவர்களுக்குத் தெரியாது.

இன்று நம் கல்லூரிக் குடும்பத்தில் இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். பெயர்ப் பட்டியல் பீடத்தின் அருகே இருக்கிறது. அதை வாசிப்பதற்கு முன்னால் இன்னொரு பட்டியலை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். எட்டே பெயர்கள்தான்.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வதோர் என்று ஒரு சிறிய நாடு. அதன் தலைநகர் சான் சால்வதோரில் இயேசு சபையினர் 1965-இல் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த நாட்டில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. சுமார் 75,000 பேர் மாண்டார்கள். பேராயர் ஆஸ்கர் ரொமேரோ திருப்பலிப் பீடத்தில் சுடப்பட்டது 1980 மார்ச் 24 அன்று. அந்தக் கொடுங்காலத்தில் இந்தப் பல்கலைக்கழகம் கதவை மூடிக்கொண்டு பாடம் நடத்தவில்லை. அதிபராக இருந்த அருட்தந்தை இக்னாசியோ எல்லகூரியா ஒரு மெய்யியலாளர். ஏழைகளின் நிலை என்ன, ஏன் அப்படி இருக்கிறது என்று ஆராய்ந்து அதை உரக்கச் சொல்வதே ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் வேலை என்று நம்பியவர். போரிடும் இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தினார். இக்னாசியோ மார்த்தின்-பாரோ உளவியல் பேராசிரியர். மக்கள் மனத்தில் உள்ளதை அறிய 1986-இல் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தையே தொடங்கினார். வார இறுதியில் ஹயாக்கே என்ற ஊரில் பங்குப்பணி செய்தார். செகுந்தோ மோந்தெஸ் சமூகவியலாளர். வீடு வாசல் இழந்து ஓடிய அகதிகளைப் பற்றி ஆய்ந்து எழுதினார். போரில் ஹோண்டுராசுக்கு ஓடிப்போன மக்கள் திரும்பி வந்து குடியேறியபோது தங்கள் ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அமாந்தோ லோப்பெஸ், ஹுவான் ரமோன் மொரேனோ இருவரும் இறையியல் ஆசிரியர்கள். ஹோவாக்கின் லோப்பெஸ் இ லோப்பெஸ் என்ற முதியவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தவர். புற்றுநோயோடு இருந்தார்.

1989 நவம்பர் 16 அதிகாலையில், இந்த ஆறு குருக்களும் குடியிருந்த பல்கலைக்கழக வளாகத்துக்குள் இராணுவம் புகுந்தது. ஐந்து குருக்களைத் தோட்டத்துப் புல்தரையில் குப்புறப் படுக்கச் சொல்லிச் சுட்டார்கள். முதியவரை வீட்டுக்குள்ளே சுட்டார்கள். மொரேனோவின் உடலை ஓர் அறைக்குள் இழுத்துப் போட்டபோது அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் அவர் இரத்தத்தில் விழுந்தது. ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ என்பது அதன் பெயர். இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இதுவரை ஆறு பெயர் சொன்னேன். இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் படிக்கிற இடமெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. ஆறு குருக்கள், பிறகு ‘அவர்களுடைய சமையற்காரரும் அவர் மகளும்’. இந்த மறையுரைக்குக் குறிப்பு எழுதியபோது நானும் அப்படித்தான் எழுதினேன். எழுதிய பிறகு மனம் உறுத்தியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அந்தத் தாயின் பெயர் எல்பா ராமோஸ். இறையியல் பயின்ற இளம் இயேசு சபையினருக்குச் சமைத்துப் போட்டவர். மகள் செலினாவுக்குப் பதினாறு வயது. எல்பாவின் கணவர் ஒப்துலியோ அந்த வளாகத்தின் காவலாளி. வாயிலருகே ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார்கள். நவம்பர் 11-ஆம் தேதி முதல் சண்டை தலைநகருக்குள்ளேயே வந்துவிட்டது. வெடிச்சத்தத்துக்குப் பயந்து, தாயும் மகளும் குருக்களின் வீட்டில் ஓர் அறை கேட்டுத் தங்கினார்கள். சாமியார் வீட்டைவிடப் பத்திரமான இடம் வேறெது என்று நினைத்திருப்பார்கள். நம் வீட்டுப் பெண்களும் அப்படித்தானே நினைப்பார்கள்? விடிந்தபோது தாய் மகளை அணைத்தபடி கிடந்தார். அவர்களை அந்தக் கோலத்தில் கண்டவர் ஒப்துலியோ.

ஏன் அவர்களைக் கொன்றார்கள்? ஐக்கிய நாடுகள் சபையின் உண்மை ஆணைக்குழு 1993-இல் அதை வெளிப்படுத்தியது. எல்லகூரியாவைக் கொல்ல வேண்டும், சாட்சி எவரும் மிஞ்சக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. நம் தமிழ்த் திருச்சபை விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரை என்ன சொல்லி அழைக்கிறது? மறைசாட்சி என்று. சாட்சி இருக்கக்கூடாது என்பதற்காகக் கொல்லப்பட்ட அந்த இருவரையும், ஆறு குருக்களோடு சேர்த்து, அந்நாட்டு எளிய மக்கள் மறைசாட்சிகள் என்றே சொல்கிறார்கள்.

அவர்கள் எதையும் தேர்ந்துகொள்ளவில்லையே, தூங்க இடம்தானே கேட்டார்கள், அது எப்படி மறைசாட்சியம் ஆகும் என்று சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். டிசம்பர் 28-ஆம் தேதி நாம் யாருக்கு விழா எடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். பெத்லகேமில் ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளுக்கு. பேசக்கூடத் தெரியாத பிள்ளைகள். இயேசுவுக்குப் பக்கத்தில் பிறந்தார்கள், அவ்வளவுதான். திருச்சபை அவர்களை மறைசாட்சிகளாகவே வணங்குகிறது.

சற்றுமுன் மாற்கு நற்செய்தியிலிருந்து பெத்தானியா நிகழ்ச்சியைக் கேட்டீர்கள். ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் தலையில் ஊற்றுகிறார். வீண்செலவு என்று சுற்றியிருந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். தம் அடக்கத்துக்காக அவர் செய்தது இது, நற்செய்தி போகிற இடமெல்லாம் இவர் நினைவும் போகும் என்று ஆண்டவர் சொல்கிறார். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை மாற்கு எழுதவில்லை. விருந்து நடந்த வீட்டுக்காரர் சீமோனின் பெயர் இருக்கிறது. தைலம் கொண்டுவந்தவர் பெயர் இல்லை! எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிற இடம் இது. ஆண்டவர் நினைக்கச் சொன்னவரின் பெயரை நாம் தொலைத்திருக்கிறோம்.

ஒப்துலியோ தொலைக்கவில்லை. குருக்கள் விழுந்து கிடந்த அதே புல்தரையில் ரோஜாச் செடிகள் நட்டார். ஆறு பேருக்கு மட்டும் நடவில்லை, எட்டுப் பேருக்கும் நட்டார். பட்டம் பெற்றவர் இல்லை, இறையியல் படித்தவர் இல்லை. மனைவியையும் மகளையும் ஒரே இரவில் இழந்தவர், மண்ணைக் கொத்தித் தண்ணீர் ஊற்றினார். அங்கே இன்றும் ரோஜா பூக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில், அந்த நினைவுநாளையொட்டிய ஓர் இரவில் கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டு வருகிறார்கள். வளாகத்துப் பாதைகளில், நாம் மார்கழியில் கோலம் போடுவதுபோல, வண்ணப் பொடிகளால் படம் தீட்டி, விளக்கேந்திப் பவனி வந்து, திருப்பலியில் கலந்துகொண்டு விடிய விடிய விழித்திருக்கிறார்கள்.

இப்போது நம் பட்டியலுக்கு வருகிறேன். நேற்று இரவு அதை எடுத்துப் பார்த்தேன். முன்னாள் முதல்வர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர்கள் இருக்கிறார்கள். படிக்கும் வயதிலேயே நம்மை விட்டுப் போன மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வாசிக்கும்போது என் குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விடுதிச் சமையற்கட்டிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. கேட்டில் நின்ற வாட்ச்மேன் இல்லை. வகுப்பறை கூட்டிய அக்கா இல்லை. நாற்பது வருடம் மணி அடித்தவர் இல்லை. பட்டியல் எழுதியவர் வேண்டுமென்று விடவில்லை, நானும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன்தான். ஆண்டவரிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டே இன்று பீடமேறினேன்.

பீடத்துக்குக் கீழே ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் வைத்திருக்கிறேன். பழைய மாணவர்களே, பணி ஓய்வு பெற்றவர்களே, உங்களுக்குத்தான் தெரியும். காய்ச்சலில் கிடந்தபோது யார் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள்? ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றபோது கேட்டருகே யார் தோளைத் தட்டினார்கள்? அவர்களில் இறந்துபோனவர்களின் பெயரை வந்து எழுதுங்கள். முழுப்பெயர் தெரியாவிட்டால், நீங்கள் கூப்பிட்டபடியே எழுதுங்கள். ‘மெஸ் அம்மா’ என்றால் ‘மெஸ் அம்மா’. ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

அவசரம் வேண்டாம். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை அமைதியாகக் காத்திருப்போம். பிறகு எழுந்து நின்று, மன்றாட்டில் எல்லாப் பெயர்களையும் சேர்த்தே வாசிப்போம்.