அறமும் அளவும்

உலகத்துப் பிறந்த உயிர்களெல்லாம் இன்பத்தையே விழைந்து நிற்பன. துன்பம் வேண்டுமென்று முயல்வது ஒன்றுமில்லை. ஆயினும் இன்பமாக வாழ்தல் வேறு. நன்றாக வாழ்தல் வேறு. பத்து வேலி நன்செய்யும், குதிர் நிறைந்த நெல்லும், மனை நிறைந்த மக்களும் உடையானொருவனை ஊரார் 'நன்றாக வாழ்கின்றான்' என்பர். அவன் இறந்தபின் 'நன்றாக வாழ்ந்தான்' என்று கூற அவ்வூராரே சிறிது தயங்குதலும் உண்டு. முன்னர்க் கூறிய நன்மை செல்வத்தைப் பற்றியது. பின்னர்க் கூறத் தயங்கிய நன்மை அறத்தைப் பற்றியது. அவ்விரண்டாம் நன்மை யாது, அதனை அளந்தறியுங் கருவி யாது என்னும் வினாவே அறவாராய்ச்சியின் தொடக்கமாம்.

இவ்வாராய்ச்சிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதின்று. காவிரி பாயும் சோழநாட்டில் ஒரு வாய்க்கால் மடையே போதும். தன் முறை கழிந்த பின்னரும் ஒருவன் இரவிற் சென்று மடையைத் தன் வயற்கே திருப்பிக்கொள்கின்றான். கடைமடையில் உள்ளவன் நாற்றுக் கருகுகின்றது. திருப்பியவனை வினாவினால், 'பயிரைக் காப்பது உழவன் கடமை' என்பான். அடுத்த ஆண்டு மேல்மடைக்காரன் அதனையே அவனுக்குச் செய்தால், 'திருட்டு' என்று பஞ்சாயத்தைக் கூட்டுவான். செயல் ஒன்றே, பெயர் இரண்டு. தான் செய்யுங்கால் ஓர் அளவும், பிறர் செய்யுங்கால் ஓர் அளவும் கொள்ளும் இவ்வீரளவே தீயொழுக்கம் அனைத்திற்கும் வித்தென்பது சிறிது சிந்திப்பார்க்குப் புலனாம்.

அளவு என்றது உவமை மாத்திரையாகக் கூறியதன்று. நெல் விளையும் நாட்டில் அறமும் மறமும் மரக்காலின் வாயிலேயே நிகழ்ந்து வந்தன. வாங்குங்கால் குவித்தளப்பதும், கொடுக்குங்கால் தலைதட்டி அளப்பதும் ஆகிய இருவகைக் கை ஒருவனுக்கே உண்டு. களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாது 'லாபம்' என்று கூறுதல் இந்நாட்டு வழக்கு. மங்கல வழக்கென்று அதனை விடலாம். எனினும், யாருக்கு லாபம் என்று அருகே பதர் தூற்றி நிற்பவன் ஒருநாளும் வினாவியிரான். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் பயில வழங்குகின்றது. பொன் நிறுத்த கல்லுக்கும் அப்பெயரே. அம்பலத்துள் ஆடும் பெருமான் திருப்பெயரை முதலாம் இராசராசன் காலத்தார் முகக்குங் கருவிக்கும் நிறுக்குங் கருவிக்கும் இட்டனர். அளவு பிழைப்பின் அஃது ஆண்டவன் பெயரைப் பிழைத்ததாகும் என்னும் அச்சம் அளப்பான் கையில் இருத்தல் வேண்டுமென்பதே கருத்தாதல் வேண்டும். அதற்கும் பன்னூறாண்டு முற்பட்ட பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுங்கால், அவர்தம் செல்வத்தோடு நில்லாது, தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப நோக்கிய அவர் நடுவுநிலைமையையும் புகழ்கின்றது. அந்நடுவுநிலைக்கு அப்புலவர் கண்ட உவமை நுகத்தின் நடுவே செறித்த ஆணி. ஏரும் எருதும் கண்ட நாட்டார்க்கு இதனின் விளங்கிய உவமை வேறில்லை.

இவ்வோரளவை இறுதிவரை கொண்டு சென்றவன் வரலாறு இந்நாட்டுத் திருவாரூரின்கண் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறுவர். மனுநீதிச் சோழன் மைந்தன் தேரூர்ந்து செல்ல, இளங்கன்றொன்று துள்ளிவந்து ஆழியிற்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயில் மணியைக் கோட்டால் அசைத்தது. அரசன் உண்மையுணர்ந்து வருந்தினான். அமைச்சர், இதற்கு நூலிற் கழுவாய் உண்டென்றனர். அரசன் உடன்பட்டிலன். ஓர் அமைச்சனை நோக்கி, மைந்தன்மேல் தேரைச் செலுத்தப் பணித்தான். அவ்வமைச்சன் அதனைச் செய்யமாட்டாது தன்னுயிரை மாய்த்தான். பின்னர் அரசன் தானே தேரூர்ந்து தன் ஒரு மகனை ஆழியிற் கிடத்தினான். திருவாரூர்க் கோயிலில் உள்ள விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டொன்றும் இவ்வரலாற்றைக் குறிக்கின்றது. கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரைக் கூறுங்கால் இதனையே முன்வைத்தாளென்பதும் கற்றோர் அறிவர்.

இஃதென்ன முறை என்று வினாவுவார் இக்காலத்துப் பலர். அவ்வினா எளிதில் தள்ளற்பாலதன்று. மைந்தன் கருதிச் செய்தானல்லன். கருத்தில்வழிக் குற்றமில்லையென்பது ஒருசார். மைந்தனைக் கொன்றால் கன்று மீளுமோ? ஓருயிர் போயதற்கு மூன்றுயிர் போயதன்றிப் பயன் யாதென்பது மற்றொருசார். மேனாட்டு அறநூலார் வகுத்துக்கொண்ட இருபெருங் கட்சிகளும் இவையே. காண்ட் என்னும் செருமானியப் பேராசிரியர், 1785-இல் வெளியிட்ட நூலில், செயலின் நன்மை அதனைச் செய்வானது நல்லெண்ணத்திலேயே உளதென்றும், தான் மேற்கொண்ட நெறி எல்லார்க்கும் பொதுவிதியாதற்கு ஏற்குமாவென்று நோக்கியே ஒருவன் செய்தல் வேண்டுமென்றும் நிறுவினார். பெந்தாம், மில் என்னும் ஆங்கிலர், பயனே செயலின் அளவுகோல் என்றனர். இவ்விரு கட்சியாரும் தம்முள் ஓயாது மலைவரேனும், ஒருவனை ஒருவனாகவே எண்ணுக, தன்னை இருவராக எண்ணற்க என்பதில் மட்டும் மாறுபட்டிலர். மடைக்காரன் வழக்கிற்கு இருவர் தீர்ப்பும் ஒன்றாகவே முடியும்.

அற்றேல், மனுவின் செயலை எங்ஙனங் கொள்வது? அமைச்சர் கூறிய கழுவாய் நூலில் முன்னரே இருந்ததொன்று. ஆயினும் அஃது அவர் நினைவிற்கு வந்தது அரசன் மைந்தன் குற்றவாளியாய் நின்றபோது. பிறனொருவன் உயிர்க்கொலை செய்துழி அவனைக் கொல்வித்துத் தன் மகனுக்குக் கழுவாய் தேடுதல் தகுமோ என்றே அரசன் வினாவினான். காவலன் ஐந்து வகை அச்சத்தினின்றும் உயிர்களைக் காத்தல் வேண்டும். பகைவர், கள்வர், விலங்கு என்பனவற்றோடு தானும் தன் பரிசனமும் அவற்றுள் எண்ணப்படுவர் என்னும் கொள்கை அவன் வாயினின்று வருகின்றது. கள்வனை அஞ்சிக் கதவடைப்பார் பலர். தன்னை அஞ்சிக் கதவடைப்பார் அரியர். மனுவின் செயலை அப்படியே பின்பற்றுக என்று எவரும் கூறார். கூறின் அது கொடுமையாம். அவன் தன் மனைக்கென ஒரு சிறிய மரக்காலை வைத்திலன் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. உண்மையில், கழுவாய் நல்லதாயின் அதனை ஏழை மகனுக்கும் முன்னரே வழங்கியிருத்தல் வேண்டும். அங்ஙனம் வழங்கியிருப்பின் அரசன் தன் மகனையும் காத்திருக்கலாம்.

அமைச்சன் செயலும் புறக்கணிக்கத் தக்கதன்று. உரையாசிரியர் பலர் அவனை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆணையை மறுக்கவும் இயலாது, குற்றமிலானைக் கொல்லவும் இயலாது நின்ற அவன், தன் கையால் தீமை நிகழாவண்ணம் விலகினான். பிறர் ஏவத் தீமை செய்து, 'ஏவினார் பாற்று வினை' என்று தேறியிருப்பார்க்கு அவன் நிலை ஒரு கேள்வியாக நிற்கின்றது.

ஈழநாட்டு மகாவம்சம் இதனோடொத்த வரலாற்றை எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகின்றது. சோழநாட்டினின்று சென்று அநுராதபுரத்திருந்து ஆண்டவன் அவன். பௌத்தத் துறவியொருவர் தம் சமயத்தானல்லாத, தம் நாயகனால் வெல்லப்பட்ட ஒருவனைப் பற்றி எழுதுங்காலும், நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒப்ப நீதி செய்தானென்று மறையாது எழுதினர். எழுதுவான் கையிலும் ஒரு மரக்கால் உண்டு. அத்துறவி அதனைத் தலைதட்டினாரல்லர். ஆனால் அந்நூலிற் கன்றும் மீளவில்லை, மைந்தனும் மீளவில்லை. தண்டத்தோடு கதை முடிகின்றது.

சேக்கிழார் வரலாறு அங்ஙனம் முடிவதன்று. வீதிவிடங்கப் பெருமான் விடைமேல் எழுந்தருள, கன்றும் மைந்தனும் அமைச்சனும் உயிர்பெற்றெழுந்தனர். பெருமான் அரசனது நடுவுநிலையை ஏற்றருளினார். அத்தீர்ப்பினால் விளைந்த சாவை ஏற்று நிலைபெற விட்டாரல்லர். நீதி செய்தற்கரியது, ஆயினும் நீதியோடு முடிந்துவிடுவதன்று அறம். அதன்மேல் அருள் ஒன்றுண்டு. அவ்வருளும் ஒப்புநோக்காதானைத் தேடி வருவதன்று.

ஒருவன் ஈரளவு கொள்ளுதற்குக் காரணம் அறியாமை என்பர் சிலர். மடையைத் திருப்பியவன் அறியாதவனல்லன். பகலிற் செய்யாது இரவிற் செய்தமையே அவன் அறிவிற்குச் சான்று. சைவசித்தாந்த நூல்கள் இதனை ஆணவத்தின் செயல் என்னும். வியாபகப் பொருளாகிய உயிரை அணுப்போலச் சுருக்கி, 'யான்', 'எனது' என்னும் சிற்றறைக்குள் அடைப்பது அம்மலம். அவ்வறையினின்று நோக்குவானுக்குத் தன் வயல் பெரிதாகவும் கடைமடை வயல் கடுகளவாகவுந் தோன்றும். ஆதலின் அறவுரை கேட்ட மாத்திரையான் ஒருவன் நல்லனாதல் இல்லை. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது. சார்பை மாற்றியன்றி நோக்கை மாற்றல் அரிது. திருக்கோயிலில் அலகிடுதலையும் மெழுகுதலையும் சரியையென முதற்படியில் வைத்ததன் பயன், எல்லார் காலும் பட்ட மண்ணை ஒருவன் தன் கையாற் கூட்டுதலே போலும்.

இவையெல்லாம் அரசர் காலத்துச் செய்தி என்று ஒதுக்குவார்க்குக் கூறவேண்டுவது ஒன்றுண்டு. மனு தேரூர்ந்ததாகக் கூறப்படும் அத்திருவாரூருக்கு அணித்தே உள்ளது கீழ்வெண்மணி. அறுவடைக் கூலியாக அளக்கும் நெல்லைச் சிறிது கூட்டித் தருகவென்று உழவுத் தொழிலாளர் கேட்டனர். பிணக்கு முற்றி, 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவில், உயிரஞ்சி ஒரு குடிசையுட் புகுந்த 44 பேர், அக்குடிசைக்குத் தீயிடப்பட்டமையால் எரிந்து மாண்டனர். அவருட் பெரும்பாலார் பெண்டிரும் குழந்தைகளும். ஆதிதிராவிடர் குலத்தினர் அனைவரும். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார் உயர்நீதிமன்றத்து மேல்முறையீட்டில் விடுதலை பெற்றனர். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை உள்ளது. தமிழ்நாட்டில் அதிகாரிகள் குடிமக்கள் குறை கேட்கும் நாளுக்கும் மனுநீதி நாள் என்றே பெயர்.

வெண்மணியில் மாண்டவருள் எழுந்தவர் ஒருவருமிலர். அதற்கடுத்த 1969-ஆம் ஆண்டில் உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கீழ்த்தஞ்சைக் களங்களில் அறுப்பானுக்கு இத்துணை நெல் அளத்தல் வேண்டுமென்று அது வரையறுத்தது. அவர்கள் கேட்டதும் அவ்வளவினுள் அடங்கும் சில நாழி நெல்லேயாம்.