கீழே கயிறு, மேலே அனுமதிப்பத்திரம்

அரசியல்வாதி ஒருவர் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வதாலேயே குற்றவாளி ஆகிவிடுவதில்லை. நேற்றுத் தடையை ஆதரித்தவர் அதன் விளைவுகளைக் கண்டு இன்று சீர்திருத்தம் கேட்டால் அது நேர்மை. கடைசிவரை ஒரே பேச்சில் நிற்பதும் தானாகவே அறம் ஆகிவிடாது. பிடிவாதமும் மாறாமல்தான் நிற்கும். ஆகவே, போதைப்பொருள் விடயத்தில் ஆள்வோர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசும்போது, பேச்சு மாறியதா என்று மட்டும் கேட்டால் போதாது. கண்டிப்பு யார் மேல் விழுகிறது, தளர்வு யாருக்குக் கிடைக்கிறது என்றும் கேட்க வேண்டும். மலையகத்தில் நின்று கேட்டால் விடை துலக்கமாகவே தெரியும்.

சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வரும் வாகனங்களைப் பொலிஸார் மோப்ப நாய்களோடு மறித்துச் சோதிப்பார்கள். சிறிதளவு கஞ்சாவோடு பிடிபட்ட இளைஞர்கள் நீதவான் முன் நிறுத்தப்படுவது ஆண்டுதோறும் வரும் செய்தி. அதே செடியை ஏற்றுமதிக்காகப் பயிரிட 2025இல் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ‘முழு நாடுமே ஒன்றாக’ என்ற போதை ஒழிப்புச் செயற்றிட்டத்தைத் தொடங்கி வைத்தார். காவலுக்குள் மருந்துக்காக வளர்ப்பது வேறு, சட்டைப்பையில் கொண்டுபோவது வேறு என்று அரசு சொல்லலாம். வேறுதான். ஆனால் அப்படிச் சொன்ன கணமே, செடி பாவமல்ல, அதை ஒழுங்குபடுத்துவதுதான் கேள்வி என்று ஒப்புக்கொண்டதாகிறது. முதலீட்டாளரோடு ஒழுங்குவிதி பற்றிப் பேசும் அரசு, இளைஞனிடம் மட்டும் பாவத்தைப் பற்றிப் பேசுவது எந்த நியாயத்தில் சேரும்?

இதற்கு முந்தைய அரசின் கதை இன்னும் கூர்மையானது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கிப் பல்லாயிரம் பேர் கைதானார்கள். மறு மாதமே ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் அதைப் பற்றிக் கவலை தெரிவித்தார்கள். இந்த வேட்டை நடந்துகொண்டிருந்த 2024இலேயே மதுபானசாலை அனுமதிப்பத்திரங்களும் தாராளமாக வழங்கப்பட்டன. அவை 361 என்று காட்டும் பட்டியலை அந்த ஆண்டின் இறுதியில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் வெளியிட்டார். மத்திய மாகாணத்துக்கு மட்டும் 45. ஒரு கை பிடித்தது, மறு கை கொடுத்தது.

சட்டத்தின் கண்ணில் ஹெரோயினும் சாராயமும் ஒன்றல்ல, உண்மைதான். தவறணையை மூடினால் கசிப்பு பெருகும், உயிரே போகும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. மதுவரி இல்லாமல் திறைசேரியும் நடக்காது. மதுவரித் திணைக்களம் 2024இல் ஈட்டிய வருமானம் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. இவற்றை எல்லாம் வெளிப்படையாகச் சொல்லி, இத்தனை கடைகள் போதும், இன்ன இடத்தில் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் அது கொள்கை. தேர்தல் ஆண்டில், அரசியல் பரிந்துரைகளின் பேரில், ஊருக்குத் தெரியாமல் அனுமதி கொடுப்பதைக் கொள்கை என்று சொல்ல முடியாது, அது சலுகை.

மாறாத கண்டிப்புக்கு உதாரணமாகப் பலர் மைத்திரிபால சிறிசேனவைக் காட்டுவார்கள். சுகாதார அமைச்சராக இருந்தபோது சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கைப் படம் போட அவர் போராடியது மெச்சத்தக்கதே. ஜனாதிபதியானபின், 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத நாட்டில், போதைப்பொருள் குற்றத்துக்காக நால்வரின் மரண தண்டனைப் பத்திரத்தில் 2019 ஜூனில் கையெழுத்திட்டார். உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு நவம்பரில், பதவி முடியும் தறுவாயில், வசதியான குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொலைக் குற்றவாளிக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார். அது செல்லாது என்று 2024இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஒருபுறம் கயிறு, மறுபுறம் மன்னிப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இது முரண்பாடு. உற்றுப் பார்த்தால், பலமற்றவனிடம் கடுமை, பலமுள்ளவனிடம் இரக்கம் என்ற ஒரே விதிதான் இதில் ஓடுகிறது.

தோட்டங்களில் இந்த விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘குடியால்தான் தோட்டத்து ஆட்கள் முன்னேறவில்லை’ என்ற பேச்சு துரைமார் காலத்தது. இன்று நம்மவர் மேடைகளிலும் அது ஒலிக்கிறது. குடி குடும்பத்தைக் குலைக்கிறது, அதில் பொய்யில்லை. கொழுந்து பறித்துச் சம்பாதித்த பெண்ணின் சம்பளம் சம்பள நாளிலேயே கரைவதை லயங்களில் அறியாதவர் இல்லை. ஆனால் நாட்கூலி 1,350 ரூபாவை எட்டவே 2024 செப்டெம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காணியும் வீடும் இன்னும் கனவாக இருக்கும் இடத்தில் குடியை மட்டும் காரணமாக்குவது, பொறுப்பை எல்லாம் குடிப்பவன் தலையில் கட்டிவிட்டு ஆள்பவரும் விற்பவரும் தப்பிக்கொள்ளும் வழி. தேர்தல் நேரத்தில் போத்தல் கைமாறும் பேச்சும் இதே தோட்டங்களில் புதிதல்ல. வழக்குக்காக நீதிமன்றத்துக்கு அலையும் தொழிலாளிக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகிறது. பரிந்துரைக் கடிதம் கொடுத்தவருக்கு எதுவும் போவதில்லை.

ஆகவே போதை பற்றிப் பேசும் அரசியல்வாதியை அளக்க அவருடைய பழைய பேச்சுகளைத் தோண்டுவதைவிட நேரான வழி ஒன்று உண்டு. தான் கேட்கும் கண்டிப்பை முதலில் தன் தரப்பின் மேல் ஏற்க அவர் தயாரா? கொடுத்த பரிந்துரைகளை வெளியிடுவாரா, நிலைப்பாடு மாறியதற்குக் காரணம் சொல்வாரா, கைதுகளைப் பற்றிப் பேசும் அதே மூச்சில் சிகிச்சைக்கான நிதியைப் பற்றியும் பேசுவாரா? ஆம் என்றால், அவர் பத்து முறை மனம் மாறினாலும் நம்பலாம். இல்லை என்றால், ஒருமுறையும் மாறாதவரையும் நம்ப வேண்டியதில்லை.