நிரூபணமா, நம்பகமா?

 

சென்ற ஆண்டு ஒரு ஜுமுஆ முடிந்து வெளியே வரும்போது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் நம் விளாங்குடிப் பள்ளி ஹவ்ளு ஓரமாக என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், அல்லாஹ் இருக்கான்னு எப்படி நிரூபிப்பீங்க?" ஓதும் காலத்தில் மனனம் செய்த விடை நாவிலேயே இருந்தது. உலகம் மாறுகிறது, மாறுவதெல்லாம் புதிதாக உண்டானது, ஆகவே உலகமும் உண்டானது, உண்டானதற்கு உண்டாக்கியவன் வேண்டும். அவர் மறுத்துப் பேசவில்லை. "சரி ஹஜ்ரத்" என்று போய்விட்டார். அடுத்த ஜுமுஆவுக்கு வரவில்லை.

அந்த விடையின் கருத்து நம் அகீதா நூல்களுடையது. அடுக்கிய முறை கிரேக்கர்களுடையது. அரபிக் கல்லூரிகளில் மன்திக் எனும் தர்க்கக் கலையை ‘ஈஸாகூஜி’யில் தொடங்கி ஓதுவோம். 13ஆம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அல்அப்ஹரீ அரபியில் எழுதிய சிறு நூல் அது. பெயர் மட்டும் கிரேக்கம்: 3ஆம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற தத்துவவாதி எழுதிய ‘ஐசகோகே’, அதாவது அறிமுகம். ஓதிய நாளில் இது எனக்குத் தெரியாது. நல்ல மதிப்பெண் வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் இதைப் பற்றியே ஒரு விவாதம் நடந்தது. தர்க்கம் இல்லாமல் மெய்யையும் பொய்யையும் பிரிக்க முடியாது என்றார் மத்தா இப்னு யூனுஸ். கிரேக்கர் ஒருவர் தம் மொழியை வைத்து அமைத்த கலை துருக்கியரையும் இந்தியரையும் அரபியரையும் எப்படிக் கட்டுப்படுத்தும் என்று திருப்பிக் கேட்டார் இலக்கண மேதை அஸ்ஸீராஃபி. நான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பக்கம்தான். தத்துவவாதிகளைக் கடுமையாகச் சாடிய அவர்களே ‘அல்முஸ்தஸ்ஃபா’வின் முன்னுரையில் மன்திக்கை வைத்தார்கள். கருவி குற்றமற்றது. நான்தான் அதை எடுக்கக் கூடாத இடத்தில் எடுத்தேன்.

மெய் என்பதற்குக் கிரேக்கச் சொல் ‘அலேதேயா’. மறைப்பு நீங்கியது என்று அதைப் பிரித்துப் பொருள் சொல்வார்கள். மூஸா (அலை) அவர்களின் சமூகத்து எபிரேயத்தில் ‘எமெத்’. அதன் வேர் அலிஃப், மீம், நூன். நம் ஈமான், அமானத், அமீன் எல்லாம் அதே வேர். நாம் சொல்லும் ஆமீனும் அந்தக் குடும்பம்தான். தவ்ராத்தின் யாத்திராகமத்தில் ஒரு போர்க்காட்சி: மூஸா (அலை) அவர்களின் தளர்ந்த கைகளை இருவர் தாங்கிப் பிடிக்க, சூரியன் சாயும்வரை அவை அசையாமல் நின்றன. அந்த அசையாமைக்கு அங்கே உள்ள சொல் ‘எமூனா’. நம்பிக்கைக்கும் அதுவே சொல். ஒன்றில் மெய் கண்ணுக்குத் தெரிவது. மற்றதில் சாய்ந்தால் தாங்குவது.

இதை எல்லை மீறி இழுக்கவும் கூடாது. போமன் என்ற நார்வே அறிஞர் 1952இல் எபிரேயச் சிந்தனையையும் கிரேக்கச் சிந்தனையையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். சொல்லின் வேரை வைத்து ஒரு சமூகத்தின் மூளையை அளக்க முடியாது என்று 1961இல் ஜேம்ஸ் பார் அதைக் கண்டித்தார். கண்டித்தது சரிதான். ஆகவே வேரை விட்டுவிட்டு ஸஃபா குன்றுக்கு வாருங்கள். மலைக்குப் பின்னால் படை வருகிறது என்றால் நம்புவீர்களா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, உங்களிடம் பொய்யைக் கண்டதே இல்லை என்றது குறைஷிக் கூட்டம். மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் ஏறிப் பார்க்கவில்லை. சொன்னவரைப் பார்த்தார்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சில வாரம் கழித்து, திண்டுக்கல் ரோட்டு டீக்கடையில் வேறொருவர் மூலம் தெரிந்தது. அவருடைய அத்தா, மகனின் படிப்புக்குச் சேர்த்த பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் நம் முதல் ஸஃப்பில் நிற்பவர். இரண்டு வருடமாகத் திருப்பித் தரவில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு ஜுமுஆவிலும் அவர் முதுகைப் பார்த்துத்தான் தொழுதிருக்கிறது. அதற்குத்தான் நான் உலகம் மாறுகிறது என்று பாடம் நடத்தினேன்!

கடன் வாங்கியவரைப் போய்ப் பார்த்தேன். "எழுத்து ஏதும் இருக்கா ஹஜ்ரத்? சாட்சி யாரு?" என்றார். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லி சூரா பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுவது உண்மை. எழுதாமல் கொடுத்தது அந்த அத்தாவின் தவறு. ஆனால் அவர் வாங்கவில்லை என்று சொல்லவில்லை, நிரூபணம்தான் கேட்டார். நான் வாதம் செய்யவில்லை. "நீங்க வாங்கினீங்களா பாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார்.

இதுவரை மூன்று தவணை கொடுத்திருக்கிறார். மீதியையும் அல்லாஹ் அவருக்கு இலேசாக்குவானாக. தம்பி போன வாரம் அஸருக்கு வந்து கடைசி ஸஃப்பில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.