வெளியே நடந்துபோன துறவி

ஆண்டவருடைய பொறுமையை நினைக்கத் தொடங்கினால் என் நா தழுதழுத்துப் போகிறது. எத்தனை காலம் காத்திருந்தார்! எத்தனை விதமாய் அழைத்தார்! கதவைத் தட்டினவர் அதை உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. திறக்கும்வரை வாசலிலேயே நின்றார். அப்படி நின்றவரை நினைத்துத் துதிக்காத நாள் என் வாழ்வில் வீணாய்ப் போன நாள்தான்.

இந்தப் பொறுமையை ருசித்த மனிதர்கள், தவறு செய்தவனை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? இதை அறியும் ஏக்கத்தோடுதான் லெந்து நாட்களில் எகிப்தின் பாலைவனத் துறவிகளுடைய வரலாறுகளை எடுத்து வாசிக்கிறேன். இன்றைய கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் நடுவே வாதி நத்ரூன் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அன்று அதன் பெயர் ஸ்கீத்திஸ். 4ஆம் நூற்றாண்டில் மக்காரியூஸ் என்ற துறவி அங்கே குடியேறினார். அவரைப் பின்பற்றிப் பலர் வந்தார்கள். ஓலைக்கூடை முடைந்து பிழைத்தார்கள். கொஞ்சமாய் உண்டு, கொஞ்சமாய் உறங்கி, சங்கீதங்களை மனப்பாடமாய்ச் சொல்லி இரவெல்லாம் ஜெபித்தார்கள். தங்கள் உடம்புக்கு இரக்கம் காட்டாத அந்தக் கடுந்தவசிகள், பிறர் குற்றத்துக்கு முன்னால் உருகி நின்றார்கள். வாசிக்க வாசிக்க என் உள்ளமும் உருகுகிறது.

அங்கே ஒரு சகோதரன் தவறு செய்துவிட்டான். விசாரிக்க மூப்பர்கள் கூடினார்கள். மோசே என்ற துறவியை அழைத்தார்கள், அவர் வரவில்லை. எல்லாரும் காத்திருப்பதாக மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். எழுந்து வந்தார். கையில் ஓர் ஓட்டைப் பாத்திரம். அதில் நிறையத் தண்ணீர். வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே வந்தது. இது என்ன என்று கேட்டவர்களிடம், என் பாவங்கள் இப்படித்தான் என் முதுகுக்குப் பின்னால் ஒழுகுகின்றன, அவற்றைக் காணாத நான் இன்று மற்றவன் குற்றத்தை விசாரிக்க வந்திருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார். கூடியிருந்தவர்கள் வேறொன்றும் பேசாமல் அந்தச் சகோதரனை மன்னித்து அனுப்பினார்கள். இந்த மோசே ஒரு காலத்தில் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். கிருபை தன்னை எங்கிருந்து தூக்கி எடுத்தது என்பதை அவர் மறக்கவே இல்லை.

இன்னொரு துறவி பெசாரியோன். பாவம் செய்த ஒருவனைச் சபையை விட்டு வெளியே போகும்படி குருவானவர் சொன்னார். அவன் எழுந்து நடந்தான். பெசாரியோனும் எழுந்தார். நானும் பாவிதான் என்று சொல்லி அவனோடுகூட வெளியே நடந்தார்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மேலே வாசிக்க முடிவதில்லை. என் இயேசுவும் இப்படித்தானே நடந்தார்! நகரத்து வாசலுக்குப் புறம்பே, தள்ளப்பட்டவர்கள் சாகும் மேட்டுக்கு, இரண்டு கள்வர்களுக்கு நடுவே! பாவமே அறியாதவர் பாவிகளோடு எண்ணப்பட்டார். வெளியே தள்ளப்பட்டவனைத் தேடி வெளியே போனால், அங்கே நமக்கு முன்னதாக அவர் நிற்கிறார். ஓ, என்ன அன்பு இது! இந்த அன்பின் ஆழத்தை யார் அளக்க முடியும்?

படித்ததை ஒரு பெரிய வெள்ளிக்கிழமையில் கண்ணாரக் கண்டேன். மும்மணி ஆராதனை நடந்துகொண்டிருந்தது. ஆலயம் நிறைந்திருந்தது. நடுவே ஒருவர் தள்ளாடியபடி வந்து ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். சாராய வாடை எங்கும் பரவியது. அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து வேறிடம் போனார்கள். அவர் தனியானார். தலையைக் குனிந்துகொண்டு, வெளியே போய்விடலாமா என்று எழுந்தார். அப்போது முன்வரிசையிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மா மெல்ல நடந்து வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தார். “இங்கன இரு ராசா, பாட்டு தொடங்கிட்டு” என்று சொல்லி, தம் பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவே விரித்தார். ஒரு கேள்வி இல்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அந்த அம்மா விரலால் வரியைத் தொட்டுக் காட்ட, அந்த மனிதர் அழுதுகொண்டே பாடினார்.

அந்த நேரத்தில் என் உள்ளத்தில் பொங்கியதை எழுத என்னிடம் சொற்கள் போதாது. சிலுவையின் முதல் வார்த்தையை, தம்மை அறைந்தவர்களுக்காக ஆண்டவர் பிதாவிடம் மன்னிப்பை மன்றாடிய அந்த வார்த்தையை, எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அன்று அது அந்தப் பெஞ்சில் உயிரோடு உட்கார்ந்திருந்தது. மழை பெய்த கரிசல் நிலம்போல் நெஞ்சு நெகிழ்ந்து போயிற்று. ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர், இங்கேதான் இருக்கிறீர் என்று உள்ளுக்குள் கதறினேன். தேற்றுகிறவராகிய ஆவியானவர் இவ்வளவு அருகில், ஒரு கிழிந்த பாட்டுப் புத்தகத்தின் மேல் அசைவாடுவாரா! ஆம், அசைவாடுவார். என் கண்கள் கண்டன. அல்லேலூயா!

அன்று முதல் ஒன்றை உறுதியாய் நம்புகிறேன். பிறரைக் குற்றவாளி என்று தீர்க்காதிருப்பது பல்லைக் கடித்துக்கொண்டு சுமக்கும் விரதம் அன்று; பரம சந்தோஷம். நியாயாசனம் ஒருவருக்கே உரியது என்று அறிந்து அதைவிட்டு இறங்கியவனுக்கு, சகோதரன் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் கிறிஸ்து தம்மைக் காட்டுகிறார்.

அப்படியானால் பாவத்தைப் பாவம் என்று சொல்லக் கூடாதா? சொல்லலாம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்மேல் கல்லெறிய வந்தவர்களை அனுப்பிவிட்ட பிறகுதான், இனிப் பாவம் செய்யாதே என்று ஆண்டவர் அவளிடம் சொன்னார். முதலில் அவள் உயிரைக் காத்தார். பிறகு புத்தி சொன்னார். தவறு செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ப் பேசு என்று கற்பித்தவரும் அவரே. எளியவனை ஒருவன் நசுக்கினால் தடுத்து நிறுத்துவதும் மனதுருக்கமே. ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்த கைகளும் அவருடைய கைகள்தான். ஆனால் பாவியின் முகத்தைப் பார்த்து அழத் தெரியாதவன் அவன் பாவத்தைப் பற்றிப் பேச அவசரப்பட வேண்டாம்.

ஆராதனையில் தூங்கி விழும் சகோதரர்களைத் தட்டி எழுப்பலாமா என்று போயிமென் என்ற இன்னொரு பாலைவனத் துறவியிடம் கேட்டார்கள். அப்படி ஒருவனைக் கண்டால் அவன் தலையைத் தம் மடியில் வைத்து இளைப்பாறச் செய்வதாக அவர் சொன்னாராம். அந்த மடியை எனக்கும் தாரும் ஆண்டவரே!

அன்பானவர்களே, நம் குடும்ப ஜெபத்தில் நாம் சொல்லாமல் விடும் பெயர் ஒன்று இருக்கும். குடியால் விழுந்த தம்பியாக இருக்கலாம், நம் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளாக இருக்கலாம், சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட நண்பராக இருக்கலாம். இன்று இரவு முழங்காலில் நிற்கும்போது, குற்றம் எதையும் சேர்க்காமல், அந்தப் பெயரை அன்போடு சொல்லுங்கள். நாளைக்கு அவர்களைப் போய்ப் பாருங்கள்.