பந்தியில் ஏது அளவு?

வடலூருக்குப் பக்கத்து ஊரில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை, வாய்ப்பாடு சொல்லும்போது தூங்கி விழுந்த பையனை ஸ்கேலால் அடித்துவிட்டேன். முந்தின நாள் முழுக்க அவன் வீட்டில் உலை வைக்கவில்லை என்று சத்துணவு ஆயா பிறகு சொன்னார்.

ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள், ஒரே அடி. இதைத்தான் சமநீதி என்று நம்பியிருந்தேன். இத்தனைக்கும், பசித்தவர்களுக்குச் சோறு போட 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு கூப்பிடு தூரத்தில் எரிகிறது! அந்தப் பந்தியில் சாதி கேட்பதில்லை, எல்லாருக்கும் ஒரே வரிசை. ஆனால் இலையில் விழும் சோறு அவரவர் வயிற்றுக்குத் தக்கபடி. வரிசை ஒன்று, அளவு வேறு. எனக்கு இது உறைக்க ஒரு பையன் அடிபட வேண்டியிருந்தது.

“சோறு போடுறது கருணை, பாடம் நடத்துறதுதான் கடமை” என்பார் என்னுடன் வேலை பார்த்த சார். கருணை என்றால் கொடுப்பவர் மனசு மாறினால் நின்றுபோகும். 2022 செப்டம்பரில் 1,545 அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, அது அரசாணையாக வந்தது. உப்புமாவுக்கு எந்தப் பிள்ளையும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. கருணை அதனால் குறைந்துவிட்டதா? முழுமையானதாகத்தான் எனக்குப் படுகிறது. பசியைத் தீர்க்க ஆணை போடலாம். பிள்ளையின் முகம் பார்த்து “என்னப்பா ஆச்சு?” என்று கேட்பதை எந்த ஆணையில் எழுதுவது?

அந்தப் பையன் இப்போது நெய்வேலியில் வெல்டர். கண்டால் வண்டியை நிறுத்தி, “வணக்கம் டீச்சர்” என்பான். நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.