வாராதார் நோயற்றவரோ?

வைத்தியசாலைக்கு வாராதவரை நோயற்றவரெனக் கொள்ளலாமோ? அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவர் பிறதேசத்திற் குடியேறியவராயும் இருப்பின், இஃது அறம்பற்றிய வினாவாகின்றது. எங்ஙனமெனிற் கூறுதும்.

கனடா தேசத்தைச் சான்றாகக் கொள்வோம். அங்கே குடிபுக விரும்புவோருள், பொதுச் சுகசேவைக்கு மிகுந்த செலவு விளைப்பாரெனக் கருதப்படுவோரை விலக்குஞ் சட்டமொன்றுளது. அகதிகள் முதலிய சிலர்க்கு அது பொருந்தாது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளையுடைய இரு குடும்பத்தார் அதனால் மறுக்கப்பட்டு வழக்கிட்டனர். ஒவ்வொருவர் நிலைமையையும், குடும்பத்தாரின் பொருள்வலியையும் தனித்தனி ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டுமென 2005 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2018 இல் அரசினர் செலவெல்லையை மும்மடங்காக உயர்த்தி, விசேட கல்விச் செலவைக் கணக்கினின்றும் நீக்கினர். இவை நன்றே. ஆயினும் நிறைகோல் வாயிலினின்றும் அகற்றப்பட்டிலது.

பொதுப்பொருளைக் காத்தல் அரசின் கடனன்றோ என்பார்க்கு நாம் மறுப்புரையேம். ஆனால், பிள்ளையின் குறை செலவாக எண்ணப்படுமென வாயிலிலே கற்ற தாய், உட்புகுந்தபின் அதனை வைத்தியரிடம் எடுத்துரைக்கத் துணிவாளோ? அஞ்சி மறைப்பாளாயின் அது யார் குற்றம்?

மறைத்தலால் வருங் கேடு பெரிது. இத்தகையோர்க்கு வலிப்புநோய் ஏனையோரினும் மிகுதி. டவுன் சின்ட்ரோம் உடையார்க்கு இருதயக் குறைபாடும் தைரொயிட் சுரப்பிக் கோளாறும் அடிக்கடி காணப்படும். தம் வலியைச் சொல்லாற் புலப்படுத்தமாட்டாதார் பலர். உணவை வெறுத்தும் சினந்தும் காட்டுவர். அதனைப் பிறவிக்குணமென்று தள்ளிவிடும் வைத்தியருமுளர். வீட்டுமொழியும் வேறாயின், அவ்வலி இருமுறை மொழிபெயர்க்கப்படல் வேண்டும்: முதலிற் குறிப்பினின்று சொல்லுக்கு; பின்னர்த் தாய்மொழியினின்று வைத்தியர் மொழிக்கு.

பள்ளிக்கூடத்திலே வினாவாதிருக்கும் மாணாக்கன் பாடத்தை உணர்ந்தவனென்று நாம் பல்லாண்டு மயங்கினோம். அவன் அச்சத்தால் வாளாவிருந்தானென்பது, நாமே அவனருகிற் சென்று வினாவியபோதன்றோ விளங்கிற்று!

2006 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையைக் கனடா 2010 இல் உறுதிசெய்தது. அது, ஏனையோர்க்கு ஒப்பான சுகசேவை இவர்க்கும் உரியதென்கின்றது. ஒப்பாவது கதவைத் திறந்துவைத்தல் மாத்திரமன்று. வாராதாரை நாடிச் சென்று, அவர் மொழியில் வினாவுதலுமாம். செலவு குறைந்ததென்று கணக்கர் மகிழுமிடத்து, கேட்கப்படாத வலி யாதேனும் உண்டோவென ஆராய்தலே அறிவுடையார் கடனாகும்.